குடித்தவனுக்கு என்ன விசாரணை?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சனிக்கிழமை ராத்திரி யாராவது ஊதிக் காட்டி மாட்டிக்கொண்டால் உடனே என்ன நடக்கும்? போன் பறக்கும். மாமாவுக்கு, மாமாவுக்குத் தெரிந்த வக்கீலுக்கு, வக்கீலுக்குத் தெரிந்த கட்சிக்காரருக்கு. லைசென்ஸை எப்படியாவது கையில் வாங்கிவிட வேண்டும். இதை யாரும் பெரிய தப்பாக நினைப்பதில்லை. அதே ஆள், "சஸ்பென்ஷனை எதிர்த்து முறைப்படி அப்பீல் போகிறேன்" என்று சொன்னால்தான் எல்லோருக்கும் நியாய உணர்ச்சி பொங்குகிறது. குடித்துவிட்டு ஓட்டியவனுக்கு விசாரணை ஒரு கேடா என்கிறார்கள்!

கேடுதான் என்றால் சட்டத்தை மாற்றி எழுதிவிட்டுச் சொல்லட்டும்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம், அதில் பேச்சே இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு பாயும். (அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது 80. நம் சட்டம் கறாரானது, அப்படியே இருக்கட்டும்.) 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது கோர்ட் பார்க்கும் வேலை.

லைசென்ஸ் கதை வேறு. போலீஸ் அதை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். சஸ்பெண்ட் செய்வது ஆர்.டி.ஓ., அதுவும் 19-வது பிரிவின்படி. சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இது சலுகை இல்லை, நிபந்தனை.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் போட்ட பொதுநல வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. குடித்து ஓட்டினால் லைசென்ஸைக் குறைந்தது மூன்று மாதம் முடக்குங்கள் என்று 2015-ல் மாநிலங்களுக்குச் சொன்னது அந்தக் குழு. நல்ல நோக்கம்தான். ஆனால் அதுவும் 19-வது பிரிவின் கீழ்தான். போலீஸ் கடிதம் வந்ததும் அச்சடித்த படிவத்தில் பெயரையும் தேதியையும் நிரப்பி அனுப்பினால் அது விசாரணை ஆகாது, தபால் வேலை. விபத்து வழக்குகளில் எப்.ஐ.ஆரை மட்டும் வைத்துப் போட்ட சஸ்பென்ஷன்களைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தும் இருக்கிறது.

விசாரணையில் அப்படி என்ன சொல்லிவிட முடியும்? வண்டியை ஓட்டியது தான் இல்லை என்று சொல்லலாம். கருவி காட்டிய அளவைக் கேள்வி கேட்கலாம். வாயில் வாடை அடித்தது, கண் விரிந்திருந்தது என்பது மட்டுமே போதைக்குச் சான்றாகாது என்று 1971-லேயே ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குச் சட்டத்தில் 204-வது பிரிவே இருக்கிறது.

ஃபேர்லேண்ட்ஸ் கார்க்காரருக்கு மூன்று மாதம் என்பது ஒரு ஆக்டிங் டிரைவர் சம்பளம். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ லாரி ஓட்டுபவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று மாதச் சோறு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வட்டிக்கு வாங்கிய கடன். அவர் குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் முடக்கத்தான் வேண்டும், இருபது டன் பாரத்தோடு வருகிறவரிடம் இரக்கம் பார்க்க முடியாது. ஓட்டவில்லை என்றால்? போன் போட அவருக்கு மாமா கிடையாது. அந்த விசாரணை ஒன்றுதான் உண்டு. அப்பீல் போகிறவனைக் கேலி செய்யும்போது உண்மையில் அடைக்கப்படுவது இவருடைய கதவு.

இதே சேலம் மாவட்டத்தில்தான் ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தார். 2003-லிருந்து சில்லறை விற்பனையே டாஸ்மாக் வசம். மதியம் கல்லாவில் காசு வாங்கிய அதே அரசு ராத்திரி ரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்கிறது. சொல்லட்டும், உயிர் காக்கிற வேலை அது. ஊதச் சொன்ன பிறகு, அந்த ஆள் சொல்வதையும் ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேட்கட்டும்.

கேட்காமல் உத்தரவு வந்தால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாமாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தால் அந்த 30 நாளும் ஓடிவிடும்.