தேரியைத் தாண்டிப் பறப்போர்

விடுமுறைப் பயணம் பற்றித் தமிழ் நடுத்தரக் குடும்பங்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. மலை, பாலை, கடல் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் மொராக்கோவுக்கோ ஓமனுக்கோ செல்ல வேண்டும் என்றும், அதற்கு வசதியில்லாதோர் ராஜஸ்தானில் மணலையும் இமாச்சலத்தில் மலையையும் கோவாவில் கடலையும் தனித்தனி விடுமுறைகளில் பார்த்து முடிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதில் இரண்டு பிழைகள் பின்னிக் கிடக்கின்றன. நிலங்களின் வேறுபாடு தொலைவில்தான் கிடைக்கும் என்பது முதற்பிழை. பயணத்தைத் திட்டமிடுவது என்றால் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்கு நாள்களைப் பங்கிடுவது என்று கொள்வது இரண்டாம் பிழை. இவற்றுள் இரண்டாவதே கேடு மிக்கது. உள்ளூரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுபவரையும் அது விட்டுவைப்பதில்லை.

இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான நிலம் தமிழகத்தில் இல்லை. 1,860 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அகத்தியமலையை உள்ளிட்ட பொதிகைத் தொடரில் பிறக்கும் தாமிரபரணி ஆறு, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. தலை முதல் முகத்துவாரம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான். யானையும் புலியும் உலவும் களக்காடு–முண்டந்துறைக் காடும், எட்டு அணைக்கட்டுகளால் நீர் பெறும் நெல்வயலும் வாழைத்தோட்டமும், முத்துக்குப் புகழ்பெற்ற கடற்கரையும் அந்த நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. ஆற்றின் கடைப்பகுதிக்குத் தெற்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களில், தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் பல கிலோமீட்டர் தொலைவுக்குப் பரந்து கிடக்கின்றன.

தேரி என்பது காற்றால் குவிந்த சிவந்த மணற்குன்று. மணற்பரல்களின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே அந்தச் செந்நிறத்துக்குக் காரணம். அது எவ்வாறு உருவானது என்பதற்கு நிலவியலாளர்கள் பலர் தரும் விளக்கம், பயணியின் திட்டத்தையே மாற்றி எழுதத் தக்கது. ஆனி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தன் ஈரத்தில் பெரும்பகுதியை மலைமேலும் அதன் மேற்குச் சரிவிலும் இறக்கிவிடுகிறது. மலையைக் கடந்தும், ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடைவெளிகளில் நெருக்கிக்கொண்டு நுழைந்தும் கிழக்கே இறங்கும்போது வெம்மையும் வறட்சியும் வேகமும் கொண்ட காற்றாகிவிடுகிறது. அப்படி இறங்கிய காற்று சமவெளிச் செம்மண்ணை அரித்துக் கடலோரத்துக்குக் கொண்டுசேர்த்துக் குவித்தது. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் வெளிப்பட்டுக் கிடந்த கடற்படுகையின் மணலும் இதில் கலந்திருக்கலாம் என்போர் உண்டு. ஆயினும் குவித்த கை காற்றுதான் என்பதில் பெரும் கருத்துவேறுபாடு இல்லை.

ஆக, குற்றாலத்தில் சாரலாக விழுவதும் குதிரைமொழித் தேரியில் மணலை வாரி இறைப்பதும் ஒரே காற்று. சாரல் என்பது மலைமுகட்டைத் தாண்டி வரும் மெல்லிய தூற்றல். அதில் நனைவதற்காகவே ஆண்டுதோறும் பெருங்கூட்டம் அருவிக்கரையில் திரள்கிறது. அதே வாரங்களில் சமவெளியில் மழை ஏறக்குறைய இல்லை. ஆனால் அம்பாசமுத்திரத்து வயல்களில் கார் நெல் பச்சைப்பசேலென நிற்கிறது. கார் என்பது தென்மேற்குப் பருவத்தில் மலைநீரை நம்பிப் பயிரிடும் போகம். ஐப்பசிக்குப் பின் வடகிழக்கு மழையோடு வருவது பிசானம். மழை பெய்யாத ஊரில் மழையால் விளையும் நெல்லையும், மழையை இழந்த காற்றால் எழும் மணற்குன்றையும் ஒருவர் காலையிலும் மாலையிலுமாக ஒரே நாளில் பார்த்துவிட முடியும். இந்தத் தொடர்பைக் காணாதவர் மலையில் ஒரு படமும் மணலில் ஒரு படமும் கடலில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். மொராக்கோவுக்கே சென்றாலும் அவர் கொண்டுவருவது அவ்வளவுதான். அட்லஸ் மலைக்கும் அதற்கு அப்பாலுள்ள சகாராவுக்கும் இடையேயும், அளவில் பன்மடங்கு பெரிதாயினும், இதே மழைநிழல் உறவு உண்டு என்பதைப் பயண நிறுவனங்களின் கால அட்டவணை அவருக்குச் சொல்வதில்லை.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். தேரி உண்மையான பாலை அன்று. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே புவியியல் பாலைவனம் என்கிறது, தேரி வட்டாரமோ அந்த அளவைத் தெளிவாகத் தாண்டுகிறது. இது சரியான வாதம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஐந்திணையும் அமைந்த நாடு என்று நெல்லையைப் பற்றி மேடைகளில் முழங்குவோரும் தேரியைப் பாலையாகக் காட்டி இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்பதே சிலப்பதிகாரம் தரும் விளக்கம். தேரியோ திரிந்த காடும் அன்று, திரிந்த மலையும் அன்று. விழுந்த மழையை வழிந்தோடவிடாமல் உள்ளே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் மணற்பஞ்சு அது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனை அந்தச் செம்மணல் வெளியின் நடுவில்தான் நீர் கொண்டிருக்கிறது. அந்த ஈரத்தை நம்பியே பனை நின்றது. பனையை நம்பிப் பனையேறிகளும், பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் விடிலி எனப்படும் ஓலைக்கொட்டகைகளும், உடன்குடிக் கருப்பட்டியின் பெயரும் நின்றன. தேரி பாலை அன்று என்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. வெறும் பாலையைவிட அதில் கற்க வேண்டியது கூடுகிறது.

அயல்நாட்டுப் பயணமே வீண் என்பது இதன் பொருளன்று. சகாராவின் பேரளவையும் வேற்றுமொழித் தெருவின் திகைப்பையும் எந்தத் தேரியும் தராது. அவற்றை நாடுவோர் போகத்தான் வேண்டும். கண்டனத்துக்குரியது, ஐந்தாறு நாள் விடுப்பில் பாதியை விமான நிலையங்களிலும் வாகன இருக்கைகளிலும் கழித்துவிட்டு, மூன்று நிலங்களைக் கண்டதாகக் கணக்கெழுதும் பழக்கம்.

தொலைவின் மேல் மோகம் இல்லாத காலத்தில் இப்பள்ளத்தாக்கு தன் பயணத்தை வேறுவிதமாக வகுத்திருந்தது. உரோமச முனிவர் மிதக்கவிட்ட ஒன்பது தாமரை மலர்கள் ஒதுங்கிய கரைகளே நவகைலாயத் தலங்கள் என்கிறது தலபுராணம். கதையை நம்புவது அவரவர் விருப்பம். அது அமைத்துத் தரும் வழித்தடம் வியக்கத்தக்கது. பாபநாசத்தில் மலையடிவாரத்தில் தொடங்கி, சேரன்மகாதேவி, முறப்பநாடு, திருவைகுண்டம், தென்திருப்பேரை எனச் சென்று, முகத்துவாரத்தை நெருங்கும் சேர்ந்தபூமங்கலத்தில் முடியும் அந்தத் தடத்தைத் திட்டமிட்டது ஆற்றின் ஓட்டமே. இன்று மார்கழி ஞாயிறுகளில் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கும் பேருந்துச் சுற்றுலாக்கள் நடக்கின்றன. பட்டியல் மனப்பான்மை புனிதப் பயணத்தையும் விழுங்கிவிட்டது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. குலதெய்வ வழக்கம் இன்னும் சற்று உறுதியாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் காட்டுக்குள் தங்குவோரும், கார்த்திகை மாதத்துக் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்குத் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரிடம் வந்து செம்மண்ணைப் பிடித்துச் செல்வோரும், பங்குனி உத்திரத்தன்று எந்த ஊரில் பிழைத்தாலும் தம் சாஸ்தாவைத் தேடி வருவோரும் காலத்தையும் இடத்தையும் சேர்த்தே அறிந்தவர்கள். அவர்களை எந்தச் சுற்றுலாக் கணக்கும் பயணிகளாக எண்ணுவதில்லை என்பது வேடிக்கை. எனினும் பாபநாசத்தில் நீராடிவிட்டுப் பழந்துணிகளை ஆற்றிலேயே விட்டுச்செல்லும் பழக்கமும் இவ்வழக்கங்களின் நிழலில் வளர்ந்ததே. பழைமை என்பதற்காக அதையும் போற்ற இயலாது.

பள்ளத்தாக்கை ஒன்றாகக் காணும் பார்வை மங்கியதில் நிர்வாக எல்லைகளுக்கும் பங்குண்டு. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. அதன்பின் பாபநாசம் ஒரு மாவட்டத்தின் கையேட்டிலும், சிற்றாற்றின் குற்றாலம் இன்னொன்றிலும், தேரியும் முகத்துவாரமும் மூன்றாவதிலும் இடம்பிடித்தன. தேரிக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் சில வரிகள்தாம். பார்க்க ஒன்றுமில்லாத இடம் என்று கருதப்படும் நிலம் வெகுவிரைவில் பாழ்நிலம் என்று பெயர் பெறுகிறது. பாழ்நிலத்து மணலை அள்ளினால் கேட்பார் இல்லை. கரையோரக் கனிம மணல் அள்ளுவதற்கு 2013இல் தமிழக அரசு தடை விதிக்க நேர்ந்த பின்னணியில் இந்த அலட்சியமும் ஒரு பங்கு வகித்தது எனக் கருத இடமுண்டு. அப்படி ஒதுக்கப்பட்ட தேரி மணலில்தான் சாயர்புரம் போன்ற இடங்களில் நுண்கற்கருவிகள், அதாவது உலோகம் அறியாத மனிதர் குவார்ட்சிலும் செர்ட்டிலும் செதுக்கிய விரல்நுனி அளவிலான கருவிகள், கிடைத்தன. ஆய்வாளர்களான சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி எழுதியபோது தேரி உலகத் தொல்லியல் இலக்கியத்துக்குள் நுழைந்தது.

இவற்றை அறிந்து திட்டமிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டியை. வரைபடம் அதற்குப் பிறகுதான். ஆனி, ஆடியில் வருபவருக்கு அருவியும் கார் நெல்லும் மணற்காற்றும் ஒருங்கே கிடைக்கும். அப்போது தேரியில் நண்பகலில் நடக்க முடியாது, கண்ணில் மண் விழும், ஆகவே விடியலே ஏற்ற நேரம். தை, மாசியில் வருபவருக்குக் காற்று அடங்கியிருக்கும். பிசானம் அறுவடையை நெருங்கியிருக்கும். வடகிழக்கு மழைக்குப் பிந்திய தேரியில் ஈரம் அடியில் நிற்கும். வழித்தடத்துக்குப் பெரும் செலவும் இல்லை. திருநெல்வேலியிலிருந்து மேற்கே அம்பாசமுத்திரம் வழியாகத் தென்காசிக்கும், கிழக்கே திருவைகுண்டம், நாசரேத், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூருக்கும் தொடர்வண்டிகள் ஓடுகின்றன.

கடற்கரையை மட்டும் கடைசி நாளுக்கு வைத்து அதையும் திருச்செந்தூர் அலையோடு முடித்துக்கொள்வோர் கொற்கையைத் தவறவிடுகிறார்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கி, கிரேக்க நூல்களில் கொல்கை என்று பதிவான அவ்வூர் இன்று கடலிலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே நிற்கிறது. பொதிகையிலிருந்து ஆறு சுமந்துவந்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனதால் துறைமுகம் கொற்கையைவிட்டுக் காயலுக்கும், பின்னர் காயலைவிட்டும் நகர்ந்தது. மரக்கலங்கள் நின்ற இடத்தில் இப்போது வாழையும் நெல்லும் நிற்கின்றன. ஊரார் மண்ணைத் தோண்டினால் சில அடி ஆழத்தில் கடற்சிப்பிகள் கிடைக்கின்றன.