9-ம் வகுப்போடு நின்ற சல்மா எம்.பி. ஆனது எப்படி? குடும்பம் மாறியது எதனால்?

2025 ஜூலையில் மாநிலங்களவை உறுப்பினராகப் பதவியேற்ற கவிஞர் சல்மா, பள்ளிக்குப் போனது 9-ம் வகுப்பு வரைதான். ஊர் துவரங்குறிச்சி. கைலாசபுரம் பெல் டவுன்ஷிப் இருக்கும் அதே திருச்சி மாவட்டம். வயதுக்கு வந்த பெண் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் அன்று அங்கிருந்த முஸ்லிம் குடும்பங்களில் வழக்கம்.

மதம் தடுத்ததா? கல்வி தேடுவது ஆண், பெண் இருவருக்கும் கடமை என்றுதான் இஸ்லாமிய அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். இங்கே தடுத்தது ஊர் வழக்கம். அதை அமல்படுத்தியது வீடு. ‘நாலு பேர் என்ன சொல்வாங்க, மாப்பிள்ளை கிடைக்குமா’ என்ற பயம்தான். இந்தப் பயம் முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் சொந்தமில்லை என்பது வேறு விஷயம்.

சல்மாவின் கதையில் கவனிக்க வேண்டியது அவருடைய அம்மா. மகளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தவர் அவர். பின்னாளில் மகள் புகுந்த வீட்டில் ஒளித்து எழுதிய கவிதைகளைத் துணிமூட்டையில் மறைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான். ‘சல்மா’ என்ற புனைபெயரே வீட்டுக்குத் தெரியாமல் எழுத வைத்துக்கொண்டதுதான்.

சரி, எழுதக்கூட விடாத புகுந்த வீடு 2001-ல் தேர்தலில் நிற்கச் சொன்னது ஏன்? கணவருக்கு அரசியல் ஆசை இருந்தது. ஆனால் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. மனைவியை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. சல்மா ஜெயித்தார். அறிவுரையால் திறக்காத கதவு இடஒதுக்கீட்டால் திறந்தது.

இன்று நிலைமை? 2020-21 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வி மாணவர்களில் முஸ்லிம்கள் சுமார் 4.6% மட்டுமே. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகையில் அவர்கள் 14.2%. ஆனால் அந்த 4.6 சதவீதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். அதாவது, கல்லூரி வரை பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்கள் மகளையும் கிட்டத்தட்ட மகன் அளவுக்கு அனுப்புகின்றன. மகனையே அனுப்ப முடியாத வீடுகளில் பயத்தோடு சேர்த்துப் பணமும் கேள்வியாகிறது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், கல்லூரி மாணவியின் வங்கிக் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. முதலில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். கடன் வாங்கி ஃபீஸ் கட்டி மகளைத் தனியார் மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்த குடும்பம் இந்தக் கணக்கில் வராது.