கோடை நண்பகலும் கிளை நூலகத்தின் கதவும்

சித்திரை பிறந்து, பரீட்சைகள் முடிந்து, பள்ளிக்கூடங்கள் விடுமுறை விட்டதும், சென்னை மாநகரத்து இல்லங்களில் ஓராண்டின் கவலைகள் பலவும் ஒரே சமயத்தில் வந்து கூடிவிடுகின்றன. வேலைக்குப் போன தாய் தகப்பன் வீடு திரும்பும் வரையில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பது ஒரு கவலை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தவுடன் எந்தக் கல்லூரிக்கு எந்தத் தேதிக்குள் விண்ணப்பிப்பது என்பது இன்னொன்று. கத்திரி வெயிலில் தகரக் கூரையின்கீழ்ப் பகற்பொழுதைக் கழிக்க மாட்டாத முதியவர்களை எங்கே உட்கார வைப்பது என்பது வேறொன்று. இவற்றுள் பலவற்றுக்கு இந்நகரத்திலேயே பரிகாரம் உண்டு. ஜவகர் சிறுவர் மன்றத்தார் கோடையில் ஓவியமும் பாட்டும் நாட்டியமும் கற்பிக்கிறார்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடைப் பயிற்சி முகாம்களை நடத்துகிறது. மாநகராட்சிக்குப் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் மெரினா நீச்சல்குளமும் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டூர்புரத்துக் கோளரங்கமும் குழந்தைகளை வரவேற்கக் காத்திருக்கின்றன. ஆயினும், ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் முகாம்களின் துண்டுப் பிரசுரம் காலைப் பத்திரிகைக்குள் செருகப்பட்டு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறதே தவிர, பொதுப் பணத்தில் நடக்கும் இந்த நற்காரியங்களைப் பற்றிய சேதி, அவை யாருக்காக ஏற்பட்டனவோ அவர்களுடைய தெருவை எட்டுவதில்லை.

இந்தச் சேதியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை, யாரும் நம்மிடம் ஒப்படைக்கும் வரை காத்திராமல், கிளை நூலகர்களாகிய நாமே இந்தக் கோடையில் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். காசு கொடுக்காமலும், எதையும் வாங்காமலும், யார் எவர் என்று சொல்லாமலும் ஒருவர் உள்ளே வந்து மின்விசிறியின்கீழ் அமரக்கூடிய பொதுக்கூடம் ஒரு வட்டாரத்தில் எத்தனை உண்டு என்று எண்ணிப் பார்த்தால், கோயில் மண்டபத்தையும் நம் வாசகசாலையையும் தவிர மூன்றாவதொன்றைச் சொல்வது கடினம். கோயிலும் உச்சிக்காலப் பூஜை முடிந்தபின் நடைசாத்திவிடும். அந்த வேளையில் நாமும் சாத்திவிடுகிறோம் என்பதுதான் இங்கே முதலில் பேசவேண்டிய விஷயம்.

நம் கிளை நூலகங்கள் பலவற்றில், காலையில் சில மணி, மாலையில் சில மணி என்று வேலை நேரத்தைப் பகுத்து, நண்பகலில் கதவடைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. உத்தியோகத்துக்குப் போகிறவர் காலையில் பத்திரிகை படித்துவிட்டுப் போவார், மாலையில் திரும்பி வருவார் என்ற அநுமானத்தில் அமைந்த ஏற்பாடு அது. அந்த அநுமானத்துக்கு அன்று நியாயமும் இருந்தது. ஆனால் மே மாதத்தில் நம்மைத் தேடி வருகிறவர்களோ பள்ளிப் பிள்ளைகளும், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களும், வயது முதிர்ந்தவர்களும். இவர்களுக்கு நாம் அதிகமாக வேண்டியிருப்பது பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரையில்தான். கடற்காற்று தாமதமாகும் நாட்களில் இந்நகரத்து வெயில் எவ்வளவு கொடியதாகும் என்பதை, 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டதை அநுபவித்தவர்கள் அறிவார்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசே 2024-இல் அறிவித்துவிட்ட பிறகு, சுவரும் கூரையும் விசிறியும் குடிநீருமுள்ள ஒரு கட்டடத்தை அதே வேளையில் பூட்டிவைப்பதற்குச் சமாதானம் சொல்ல நம்மால் இயலாது.

ரங்கநாதன் அவர்களின் நினைவு இங்கே எழுவது இயற்கை. கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, லண்டன் சென்று பயின்று, கிராய்டன் நகரத்துப் பொது நூலகத்தில் சேயர்ஸ் என்ற பெரியவரின்கீழ் இருந்து, அங்கே நூலகம் ஊராருடைய அன்றாட வாழ்வோடு கலந்திருந்த விதத்தைக் கண்ணால் கண்டு திரும்பியவர் அவர். 1931-இல் வெளியான ‘நூலகவியலின் ஐந்து விதிகள்’ என்ற தம் நூலில், நூல்கள் உபயோகத்துக்கானவை என்ற கருத்தை விவரிக்கப் புகுந்தபோது, பகுப்புமுறை முதலிய நுட்பங்களை எடுத்த எடுப்பிலேயே பேசாமல், நூலகம் எந்த இடத்தில் அமையவேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்கவேண்டும், அதன் நாற்காலி மேஜைகள் எப்படி இருக்கவேண்டும், அங்கே பணிபுரிகிறவர் எத்தகையவராக இருக்கவேண்டும் என்பவற்றைத்தான் அவர் விஸ்தாரமாகப் பேசினார். அவர் வகுத்த கோலன் பகுப்புமுறையை மனப்பாடமாகக் கற்றுப் பரீட்சை எழுதிவந்த நாம், திறந்திருக்கும் நேரத்தைப் பற்றிய அந்தப் பகுதியை மறுபடி எடுத்துப் படிக்கவேண்டும்.

நண்பகலில் திறந்துவைப்பதற்குத் தடையாக நிற்பது நூலகர்களின் மனக்குறை அன்று, ஆட்குறை. ஒரே ஒருவர் காலையில் வந்து கதவைத் திறந்து, தூசி தட்டி, பத்திரிகைகளைக் கோத்து வைத்து, நூல் வழங்கி, பதிவேடு எழுதி, மாலையில் பூட்டும் வரையில் சகல காரியங்களையும் செய்துவரும் கிளைகள் எத்தனையோ உண்டு. அவருடைய நண்பகல் ஓய்வைப் பறித்துக்கொண்டு சேவை செய்யச் சொல்வது அதர்மம். ஆகவே நாம் யோசனையாக வைப்பது இது: அருகருகேயுள்ள இரண்டு மூன்று கிளைகள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து, கோடை எட்டு வாரங்களுக்கு மட்டும், அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது பகல் முழுதும் திறந்திருக்குமாறு முறை வகுத்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவின் அநுமதியை முன்கூட்டியே பெறுவது, வாசகர் வட்டத்திலுள்ள ஓய்வுபெற்ற அன்பர்களைக் கூடத்தின் மேற்பார்வைக்கு அழைப்பது, அந்த நேரத்தில் நூல் வழங்குதலை நிறுத்தி, வாசிப்பை மாத்திரம் அநுமதிப்பது. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாக இருந்த காலத்தில் 1948-இல் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்துவரியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று நூலக வரி கட்டிவரும் ஜனங்கள் இவர்கள். இன்று அது 10 காசு. அவர்கள் கட்டிய கூடத்தில் அவர்கள் வெயிலுக்கு ஒதுங்கி உட்காருவதற்கு ஓர் ஏற்பாடு செய்ய நம்மால் முடியாமற் போகக்கூடாது.

அடுத்தது அறிவிப்புப் பலகை. எந்தக் கிளைக்கும் சென்று வாசலுக்கு உட்புறம் மாட்டியிருக்கும் பலகையைப் பாருங்கள்: துருப்பிடித்த குண்டூசியில், சென்ற ஆண்டு நடந்த கட்டுரைப் போட்டியின் அறிவிப்பு மஞ்சளாகிச் சுருண்டு தொங்கும், அதன்மேல் பாதி மறைத்தபடி ஒரு சுற்றறிக்கை, ஒட்டப்பட்ட காகிதத்தின் எழுத்து ஒரு முழ தூரத்திலிருந்தும் வாசிக்க முடியாத அளவில். சுற்றறிக்கையை அப்படியே ஒட்டுவதால் பிரயோஜனமில்லை. முகாம் ஒன்றைப் பற்றி வீட்டுத் தலைவி ஒருத்தி அறிய விரும்புவது என்ன? எந்த வயதுப் பிள்ளைக்கு, எந்த நாள் தொடங்கி எந்த நாள் வரை, காலையா மாலையா, கட்டணம் உண்டா, பெயர் கொடுக்க எங்கே போகவேண்டும், என்ன எடுத்துச் செல்லவேண்டும், எந்தப் பஸ் போகும். இவ்வளவையும் பெரிய எழுத்தில், ஒரு தாளில், கையாலேயே எழுதிவிடலாம். காரியம் முடிந்த மறுநாள் காலையில் அந்தத் தாளை எடுத்துவிடவேண்டும். பழைய அறிவிப்பு ஒன்று இருந்தாலும் பலகை முழுவதன் மீதும் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

பலகையோடு நில்லாமல், மேஜையின்மேல் ஒரு கோடைக் குறிப்பேடும் வேண்டும். அதில் எழுதவேண்டியவற்றுக்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தனியார் பள்ளிகளில் 25 சதவிகித இடங்கள் நலிந்த குடும்பத்துக் குழந்தைகளுக்கு உரியவை. விண்ணப்பம் இணையம் வழியாகவே ஏற்கப்படுகிறது. பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று அல்லது சாதிச் சான்று ஆகியவை வேண்டும். விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு தாய், கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக வந்து, "ஐயா, இதுக்கு என்னென்ன பேப்பர் கொண்டுபோகணும்?" என்று கேட்கையில், "எங்களுக்குத் தெரியாதம்மா, அந்த ஆபீஸில் போய்க் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிற நூலகம், அலமாரிகளில் பதினாயிரம் நூல்களை அடுக்கி வைத்திருந்தாலும், அவளைப் பொறுத்தமட்டில் பூட்டிய கட்டடமே. வருமானச் சான்று கைக்கு வர நாளாகும் என்பதைப் பங்குனி மாதத்திலேயே அவளுக்குச் சொல்லக்கூடியவர் அந்தத் தெருவில் நம்மைவிட்டால் யார்? வாசகனின் நேரத்தைக் காப்பாற்றுவது பற்றி நாம் படித்ததெல்லாம் இத்தகைய சந்தர்ப்பங்களுக்காகவே என்று நம்புகிறோம்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, ஒவ்வொரு தெருவும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, லாரி என்று வரும், எத்தனை மணிக்கு வரும் என்பதுதான். அப்படிப்பட்ட காலங்களில் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தோடு தினந்தோறும் பேசி, வந்த தகவலைப் பலகையில் எழுதிவைக்கும் கிளை ஒன்று இருந்தால் எத்தனை வீட்டுப் பெண்களின் காத்திருப்பு குறையும்!

குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியாகவேண்டும். தனியார் முகாம்களைப் பார்த்து அவற்றைப்போலவே செய்ய முயல்வது நமக்கு வேண்டாத வேலை, அதற்குப் பணமுமில்லை. நம்மிடம் இருப்பது வட்டாரம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டு, தொழிலாளர்கள் வலை செப்பனிட்டுக்கொண்டிருக்கும் அறுபத்தொரு நாட்களும் பள்ளி விடுமுறையோடு பெரும்பாலும் பொருந்திவருகின்றன. ஒரு மாலையில் அனுபவஸ்தரான மீனவர் ஒருவரை அழைத்து, காற்றின் பெயர்களையும் மீன் வகைகளையும் பற்றிப் பேசச்செய்து, கடலைப் பற்றிய சிறுவர் நூல்களை அவர் பக்கத்து மேஜையில் பரப்பி வைத்தால், அன்றைக்கு அந்த நூல்கள் ஒன்றும் அலமாரிக்குத் திரும்பாது. பெரம்பூரில் 1955 முதல் ரயில்பெட்டித் தொழிற்சாலை நடந்துவருகிறது. அங்கே உழைத்து ஓய்வுபெற்றவர்கள் அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள்; அவர்களையும் இவ்வாறே அழைத்துப் பேசச்செய்யலாம். கிழிந்த நூல்களைப் பிள்ளைகளையே கொண்டு தைத்து ஒட்டச்செய்வதும் நல்ல காரியம். தான் தைத்த புத்தகத்தைப் படிக்காமல் விடும் குழந்தையை நாம் கண்டதில்லை.

வெயிலில் வர இயலாதவர்களை மறந்துவிடக்கூடாது. மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இல் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பியதை நம் துறையினர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்த வண்டியின் வழித்தோன்றலாகவே, தன்னார்வலர்கள் மூலம் வீடுகளுக்கு நூல் கொண்டுசெல்லும் நூலக நண்பர்கள் திட்டம் இன்று நடைமுறையில் இருக்கிறது. அந்த அன்பர்கள் எடுத்துப்போகும் நூலுக்குள், அவ்வார அறிவிப்புத் தாளின் பிரதி ஒன்றையும் மடித்து வையுங்கள்: அருகிலுள்ள தண்ணீர்ப் பந்தல் எங்கே, உப்புச்சர்க்கரைக் கரைசல் எங்கே கிடைக்கும், கண் பரிசோதனை முகாம் என்றைக்கு என்ற விவரங்களோடு. வீட்டைவிட்டு வெளியே வராத ஒரு முதியவருக்கு நாவலைக் காட்டிலும் அந்தத் தாள் உடனடியாக உபயோகப்படக்கூடும்.

பங்குனி முடிவதற்குள் குறிப்பேட்டைத் தயாரித்து, ஏப்ரல் 23-ஆம் தேதி உலகப் புத்தக தினத்தன்று அதைப் பொதுமக்கள் முன் வைப்பது பொருத்தமாக இருக்கும். நண்பகலில் திறந்துவைத்த கிளைகள், எத்தனை பேர் வந்தார்கள், என்னென்ன கேட்டார்கள், எந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமற் போயிற்று என்பதை நாள்தோறும் எழுதிவைத்து, ஆனி மாதத்துக்குள் நமக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். விடை சொல்ல முடியாத கேள்விகளின் பட்டியல் முக்கியமாக வேண்டும். ஆகஸ்டு 12-ஆம் தேதி நூலகர் தினத்தை ஒட்டி வரும் இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிட்டு, அடுத்த கோடைக்கான குறிப்பேட்டை அதிலிருந்தே தொடங்க எண்ணியிருக்கிறோம்.