ஓடுமா, ஓடாதா?

வெள்ளிக்கிழமை. முதற்காட்சி முடிந்து திரையரங்கின் கதவுகள் திறக்கின்றன. வெளியே வரும் இளைஞர்களின் முகத்துக்கு நேரே ஒலிவாங்கிகள் நீளுகின்றன. "படம் எப்படி?" என்பது கேள்வி. "வேற லெவல்", "தலைவர் மாஸ்", "செகண்ட் ஹாஃப் லேக்", "ஃபேமிலி ஆடியன்ஸுக்குப் பிடிக்காது", "எப்படியும் நூறு கோடி அடிக்கும்" என்பன விடைகள்.

இவ்விடைகளின் சுருக்கத்தைக் கண்டு முகஞ்சுளிக்கும் அறிஞர் கூட்டத்தில் நான் இல்லை. இரண்டரை மணி நேரம் இருட்டில் அமர்ந்து சிரித்துக் களித்த ஒருவன், வாசலில் நின்றுகொண்டு திறனாய்வுக் கட்டுரை ஒப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மடமை. "வேற லெவல்" என்பது ஓர் ஆரவாரம். ஆயினும் அது அவனுடைய ஆரவாரம். "லேக்" என்பது ஒரு சலிப்பு. அதுவும் அவனுடைய சலிப்பே. என்னைக் குடைவன கடைசி இரண்டு விடைகள். குடும்பத்தினருக்குப் பிடிக்காது என்கிறானே, தனக்குப் பிடித்ததா என்று சொன்னானா? நூறு கோடி அடிக்கும் என்கிறானே, அந்தக் கோடியில் அவனுக்கு ஒரு காசு வருமா? காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவன், காசு வாங்கியவனின் கவலையைத் தலையில் சுமந்துகொண்டு வீடு திரும்புகிறான்!

இது நேற்று முளைத்த நோயன்று. "நூறாவது நாள்", "வெள்ளிவிழா" என்று சுவரொட்டிகள் முழங்கிய காலத்திலேயே இதற்கு வித்திடப்பட்டது. ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்பவை விநியோகஸ்தர்கள் தம் கணக்குப் பேரேட்டுக்காக ஊர்களைப் பிரித்துக்கொண்ட வகைகள். சிறுநகரத்துத் தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த ரசிகன் அவற்றைத் தன் சொற்களாக ஏற்றுக்கொண்டு, "பி, சி சென்டர்ல போகாதுப்பா" என்று தீர்ப்பு எழுதினான். தன்னையே அம்மொழி மூன்றாந்தரமாக வகைப்படுத்துகிறது என்பதை அவன் எண்ணிப் பார்த்தானில்லை. அன்று நாள்கணக்கு, இன்று கோடிக்கணக்கு. முதல் நாள் வசூல், வெளிநாட்டு வசூல், உலகளாவிய வசூல் என்று எண்கள் நாழிகைக்கொரு முறை பரப்பப்படுகின்றன. யார் எண்ணினார், எவர் சரிபார்த்தார் என்று எவரும் கேட்பதில்லை. எதிரணி நாயகனின் எண்ணைவிடத் தம் நாயகனின் எண் பெரிதாக இருந்தால் போதும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பீர்கள். வரலாற்றைப் புரட்டுவோம்.

1954இல் எஸ். பாலசந்தரின் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' என்ற படத்தை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையின்மீது ஜப்பானியக் குண்டு விழுந்ததன் மறுநாள் நிகழும் ஒரு கொலை; அதனைத் துலக்க ஒவ்வொருவரும் தத்தம் கோணத்திலிருந்து உரைக்கும் கதைகள். பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. சிவாஜி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவராக நடித்தார். அன்றைய ரசிகருக்கு இதனை எதனோடு ஒப்பிடுவதென்றே தெரியவில்லை. பாட்டில்லாத படம் ஒரு படமா என்றார்கள். துப்பறியும் கதையின் இறுக்கம் பாட்டு நுழைந்தால் தளர்ந்துவிடும் என்று இயக்குநர் எண்ணியிருக்கலாம் என எத்தனை பேர் நின்று யோசித்தனர்? படம் வணிகத்தில் தோற்றது. பாட்டே இல்லாமல் படமெடுக்கும் துணிவு அதன்பின் தமிழ்த்திரையில் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. இன்று அதே படத்தைத் தமிழ்ச் சினிமாவின் தனிச்சிறப்பான முயற்சிகளுள் ஒன்றாகப் போற்றுகிறோம்.

2003 பொங்கலுக்கு 'அன்பே சிவம்' வந்தது. கமல்ஹாசன் எழுத, சுந்தர் சி. இயக்கினார். அதே பருவத்தில் விக்ரம் நடித்த 'தூள்' வெளிவந்து கொடிகட்டிப் பறந்தது. 'தூள்' அடிதடிப் படம். அதற்குரிய வேகம் அதற்கு அழகு. ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ள இயலாத இருவர் சேர்ந்து செல்ல நேர்ந்த பயணத்தைச் சொல்லும் படத்தை அதே வேகக்கோல் கொண்டு அளந்தால் என்ன கிடைக்கும்? "ஸ்லோ" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். கிடைத்தது. தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பான பின்னரே, வரவேற்பறைகளில் சாவகாசமாக அமர்ந்தோர் அதனை மெல்லக் கண்டெடுத்தார்கள். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' கதையும் ஏறத்தாழ இதுவே. சாகசப் பயணமாகத் தொடங்கிச் சோழர் வீழ்ச்சியின் அவலமாக முடியும் அப்படத்தைக் "குழப்பம்" என்று அன்று பலர் கைகழுவினர். 2021 டிசம்பர் 31 அன்று அதே படம் மீண்டும் திரையிடப்பட்டபோது அரங்குகள் ஆர்ப்பரித்தன. ஆர்ப்பரித்தவர்களுள் பதினோர் ஆண்டுக்கு முன் அதே படத்தை ஏசியவர் எத்தனை பேரோ!

ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வோர் அளவுகோல் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதற்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. நாம் அடுப்படியில் ரசத்தையும் பாயசத்தையும் ஒரே நாக்கால்தான் சுவைக்கிறோம். ரசத்தில் இனிப்பில்லை என்று எவரும் குறைகூறுவதில்லை. சினிமா பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி 1995இல் வத்திக்கான் 45 திரைப்படங்களைப் பட்டியலிட்டது. சமயம், விழுமியம், கலை என மூன்று பிரிவுகள். திருச்சபை பட்டியலிட்டால் புனிதர் வரலாறுகள் மட்டுமே இருக்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். கலைப் பிரிவில் 1922இல் வந்த 'நோஸ்ஃபெரட்டு' என்ற இரத்தக்காட்டேரிப் படம் இருக்கிறது. 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' என்ற சிறார் மாயக்கதை இருக்கிறது. குதிரைவீரர்கள் துரத்தும் 'ஸ்டேஜ்கோச்' இருக்கிறது. பேய்ப்படத்தில் செபமாலை தேடாமல், பேய்ப்படமாக அது எவ்வளவு செம்மை என்று பார்த்திருக்கிறார்கள்.

படமெடுப்போரின் தரப்புக்கு வருகிறேன். 2024 நவம்பரில், பெரிய படங்கள் சில அடுத்தடுத்து அடிவாங்கிய பின்னர், திரையரங்கு வளாகங்களுக்குள் யூடியூப் காணொளிக்காரர்களை அனுமதிக்க வேண்டாம் என்று தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்கள் கேட்டுக்கொண்டனர். புதுப்படங்களுக்கு முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது எனக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தையும் நாடினர். இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது, சரியே. முதல் நாள் வசூலை முரசறைந்து ரசிகனுக்குக் கணக்குப்பிள்ளை வேலை கற்றுக்கொடுத்தவர்கள் இவர்களல்லரோ? எண் ஏறும்போது ஒலிவாங்கி இனித்தது. எண் இறங்கும்போது கசக்கிறது. திங்கட்கிழமை வரை ரசிகனின் வாயைக் கட்டிவிட்டால் படம் நல்ல படமாகிவிடுமா?

நம் வீடுகளில் ஏளனத்துக்குள்ளாகும் ஒரு கூட்டத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மாலையானால் தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் பெண்கள். "அழுகாச்சி" என்று ஆண்கள் நகைக்கின்றனர். 2002 முதல் 2005 வரை சன் தொலைக்காட்சியில் திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' ஓடிற்று. ஐந்து பெண்மக்களைக் கரையேற்றும் சிதம்பரத்தின் கதை. அந்நாள்களில் குழாயடியிலும் பேருந்திலும் நிகழ்ந்த உரையாடல்களை நினைவுகூருங்கள். அந்த மாமியார் செய்தது முறையா, அந்த மருமகன் இன்னும் வாய்திறக்கவில்லையே, தகப்பன் அங்கே போயிருக்கக் கூடாது என்றெல்லாம் வாதிட்டார்கள். தொடரின் தரவரிசைப் புள்ளி எவ்வளவு என்று குழாயடியில் எவரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் நாகாவின் இயக்கத்தில் வந்த 'விடாது கருப்பு' மர்மத்தொடருக்கும் இதே கதிதான்: நடப்பவை கருப்பண்ணசாமியின் சீற்றமா, மனித மனத்தின் விபரீதமா என்று வாரந்தோறும் வீடுகள் இரண்டுபட்டன. மிகைநடிப்பும் இழுவையும் மலிந்த தொடர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பற்றிப் பேசியவர்கள் அப்பெண்கள். பார்த்ததைப் பற்றியன்றி விற்றதைப் பற்றிப் பேசுபவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் வேடிக்கை.

"பொழுதுபோக்குத்தானே சாமி, இதற்கு இவ்வளவு ஆய்வா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்கு என்றால் பிறகு ஏன் நாயகனின் பெயரால் இணையத்தில் விடிய விடிய வசைமாரி? ஏன் மற்றவனின் தாயைக் குறித்து இழிமொழி? உண்மையிலேயே பொழுதுபோக்காகக் கருதுபவன், "எனக்குப் பிடித்தது; உனக்குப் பிடிக்கவில்லையா? சரி, எந்த இடத்தில் அலுத்தது?" என்று கேட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பான். அந்த இரண்டாம் கேள்வியைத்தான் நான் எங்கும் கேட்கக் காணேன். ஒலிவாங்கி நீட்டும் தம்பிமாருக்கும் அதுவே என் வேண்டுகோள். "படம் எப்படி?" என்று கேட்டதோடு கையை இழுத்துக்கொள்ளாமல், "எந்தக் காட்சி?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வசூல் சொல்ல வந்தவன் திகைப்பான். படம் பார்த்தவன் பேசத் தொடங்குவான்.