விழுந்த ரைடரை யார் தூக்குவது?

மன உறுதி இருந்தால் எந்தக் காயத்திலிருந்தும் மீண்டுவிடலாம். காயம்பட்ட விளையாட்டு வீரர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மன உறுதியை மட்டும் பார்த்தால், யாருடைய காலுக்கு யார் பணம் கட்டினார்கள் என்பது நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டு முழங்கால்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கபடி வீரர் பவன் செராவத்தினுடையது. 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அக்டோபர் 8, குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டம். எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனவர் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. ஆனால் ஓராண்டு நிறைவதற்குள், 2023 அக்டோபர் 7 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணியின் கேப்டனாகத் தங்கம் வென்றார். அடுத்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவருக்குக் கொடுத்த விலை 2.605 கோடி. காயத்துக்குப் பிறகு விலை ஏறியிருக்கிறது.

இரண்டாவது, சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனுடையது. விசைத்தறித் தொழிலாளியின் மகன். 2020-21 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர்தான். 2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அதற்கு முந்தைய மாதம் புனேயில் ஆடிய ஒருநாள் ஆட்டத்துக்குப் பிறகு இந்திய அணியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆனால் ஐபிஎல் இருந்தது. 2022-ல் 18 விக்கெட், 2024-ல் 19 விக்கெட், பிறகு டெல்லி அணியில் 10.75 கோடி. சொந்த ஊரில் ஒரு கிரிக்கெட் மைதானமும் கட்டியிருக்கிறார்.

இருவருடைய உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. இருவருக்கும் பொதுவாக இருந்ததைச் சொல்கிறேன். தேர்ந்த மருத்துவம் கிடைத்தது. காலை ஊன்றாமல் படுத்திருக்கும் மாதங்களிலும் வீட்டில் அடுப்பு எரிந்தது. திரும்பி வரும்வரை ஒரு சந்தை காத்திருந்தது.

இனி திருப்பூருக்கு வருவோம். பல்லடம், அவிநாசி, ஊத்துக்குளி பக்கமெல்லாம் பொங்கலுக்கும் கோயில் நோம்பிக்கும் மின்னொளி கபடி நடக்கும். சனிக்கிழமை ஷிப்ட் முடித்த பனியன் கம்பெனிப் பையன்கள் விடிய விடிய ஆடுவார்கள். மேட் கிடையாது, மண் தரைதான். வேலை நிமித்தம் நான் சந்தித்த ஒரு தம்பி பேட்லாக் டெய்லர், நல்ல ரைடர். காலனிப் பையன் என்றாலும் ஊர் அணி அவனைக் கூப்பிடும். கோப்பை வாங்கும் நேரத்தில் அவன் ‘நம்ம ஊர்ப் பையன்’. லிகமென்ட் கிழிந்த மறுநாள் மறுபடி காலனிப் பையன். புத்தூர்க் கட்டுப் போட்டார்கள், ஒரு மாதம் படுத்திருந்தான். பிறகு மெஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. பீஸ் ரேட்டில் வேலை செய்பவனுக்கு உட்காராத நாளில் ஒரு ரூபாயும் கிடையாது. இப்போது தினக்கூலிக்குப் பிசிறு வெட்டுகிறான். அவனிடம் போய் மன உறுதி பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ‘ரன்னிங் பேக்’ என்று ஓர் ஆட்டக்காரர் உண்டு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தன்னை அமுக்க வரும் எதிரணிக்குள் புகுந்து ஓடுபவர். ஏறத்தாழ நம் ரைடர். டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் கென்ட் வால்ட்ரெப், 1974-ல் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் கழுத்தில் அடிபட்டு முடங்கிப்போனார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு வழக்காடினார். அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்ல என்று 2000-த்தில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்று பெயர். அந்தப் பெயரே இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து தப்பிக்க உருவாக்கப்பட்டது என்பதை, கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார்.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? சுமங்கலித் திட்டத்தில் நூற்பாலைகளுக்குக் கூட்டிவரப்பட்ட நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைத் தொழிலாளி என்று சொல்லாமல் ‘பயிற்சி பெறுபவர்’ என்றுதானே எழுதி வைத்தார்கள்? பெயரை மாற்றினால் கூலியும் இழப்பீடும் குறையும். ஆடுகளத்தில் அந்தப் பெயர் ‘ஊர்ப் பெருமை’.

அதனால் மாணவத் தோழர்களுக்கு மூன்று விஷயங்கள்.

ஒன்று, கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கால் போனாலும் இஎஸ்ஐ மருத்துவம் உண்டு. பங்களிப்புக் காலமான அரையாண்டில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், அதற்குரிய பயன் காலத்தில் நோய்க்காலப் பணமும் உண்டு: ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. விபத்து வேலையிடத்தில் நடந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கில்லை. பலருக்கு இது தெரியாது. பீஸ் ரேட் ஆட்களை இஎஸ்ஐ-யில் சேர்க்காமல் விடும் கம்பெனிகளிடம் கேள்வி கேட்பதும் விளையாட்டு வீரனுக்கான போராட்டம்தான்.

இரண்டு, போட்டி நடத்தும் குழுக்களிடம் கேளுங்கள். சுழற்கோப்பைக்கும் சீரியல் செட்டுக்கும் ஃப்ளெக்ஸுக்கும் வசூலாகும் பணத்தில் ஆடுபவர்களுக்கு விபத்துக் காப்பீடு போட முடியாதா? காப்பீடு இல்லாத களத்தில் இறங்க மாட்டோம் என்று நான்கு நல்ல அணிகள் சேர்ந்து சொன்னால் போதும்.

மூன்று, அரசிடம் கேளுங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளின் சாதனையைத்தான் கணக்கில் எடுக்கிறது. லிகமென்ட் அறுவை சிகிச்சை செய்தவர் களத்துக்குத் திரும்பவே ஒன்பது மாதம், ஓராண்டு ஆகும். அதற்குள் அவருடைய சான்றிதழ் பழையதாகிவிடுகிறது. மருத்துவச் சான்று உள்ள காயக்காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். அரசுக்குப் பெரிய செலவில்லை, ஒரு விதித் திருத்தம் போதும்.

பவனையும் நடராஜனையும் கொண்டாடுவோம். கூடவே, அவர்களைத் தாங்கிய ஏற்பாட்டில் பத்தில் ஒரு பங்காவது நம் காலனி ரைடருக்கும் வேண்டும் என்று கேட்போம். இதைக் கருணையாகக் கேட்க வேண்டியதில்லை. அவன் ஆடியதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும் கூடியது.

ஜெய்பீம்.