ஃபேடர் பக்திக்கு எதிராக

எங்கட பக்கம் ஒரு சின்ன பான்ட் மிக்சர் வாங்கப் போகுது என்றால் முதல் கேள்வி, "எத்தனை ஃபேடர் இருக்கு?" இரண்டாவது கேள்வி, "எத்தனை சனல்?" பாடுகிற பிள்ளைக்குத் தன்ர குரல் கேட்குமா என்ற கேள்வி கடைசிவரைக்கும் வராது. மேடையில் நிற்கிறவர்களின் காதை மறந்துவிட்டு, மேசைக்குப் பின்னால் நிற்கிறவரின் தோற்றத்துக்காகச் சாமான் வாங்குகிற இந்தப் பழக்கத்தைத்தான் ஃபேடர் பக்தி என்கிறேன். நீளமான மேசை, வரிசையாக ஏறி இறங்கும் கட்டைகள், மினுங்குகிற லைற்றுகள். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கம்பஸ் விழாவுக்கும் கோயில் வீதிக்கும் கலியாண மண்டபத்துக்கும் போகிற ஐந்தாறு பேர் கொண்ட குழு, இருக்கிற கொஞ்சக் காசையும் அதில் போடுவது பிழை. ஃபேடரே இல்லாத, ரப்லெற்றால் இயக்குகிற ஒரு டிஜிட்டல் பெட்டிதான் அவர்களுக்குச் சரி. ஏன் என்று சொல்கிறேன். திட்டுகிறவர்கள் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கோ.

முதலில் ஒரு கொப்பியை எடுத்து எண்ணுவம். ட்ரம்ஸுக்கு 4 மைக், பேஸ் கிற்றாருக்கு 1, லீட் கிற்றாருக்கு 1, கீபோர்ட் ஸ்ரீரியோவாக 2, மிருதங்கத்தின் இரண்டு பக்கத்துக்கும் 2, வயலினுக்கு 1, பாடுகிறவர்களுக்கு 3, அறிவிப்பாளருக்கு 1. மொத்தம் 15. லப்டொப்பில் இருந்து வருகிற ட்ராக்குக்கு இன்னொரு 2. ஆக 17. இது ஒன்றும் பெரிய ஓர்கெஸ்ட்ரா இல்லை. மருதனார்மடத்தில் மிருதங்கம் படிக்கிற ஒருவரும் வயலின் படிக்கிற ஒருவரும் நாலு கிற்றார், கீபோர்ட் பெடியளோடு சேர்ந்தால் வருகிற கணக்கு.

இப்ப கடைக்குப் போங்கோ. யமஹா எம்ஜி16எக்ஸ்யூ நல்ல அனலொக் மிக்சர், அதில் எனக்குச் சண்டை இல்லை. பெயரில் 16 இருக்கிறது. ஆனால் மைக் செருக முடிவது 10 இடத்தில்தான். கீபோர்ட்டையும் லப்டொப்பையும் ஸ்ரீரியோ லைனில் விட்டாலும் எங்கட கணக்கில் மிச்சம் 13. மூன்று பேருக்கு இடமில்லை. யாரை வெட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். வயலினையும் மிருதங்கத்தின் ஒரு பக்கத்தையும்தான். டிஜிட்டல் பக்கமும் இதே கள்ளக்கணக்கு இருக்கு. பெரிங்கர் எக்ஸ்ஆர்12 என்ற பெட்டியில் மைக்குக்கு நாலே நாலு இடம். எக்ஸ்ஆர்16இல் 8. எக்ஸ்ஆர்18க்கு வந்தால்தான் 16 மைக்கும் 2 லைனும், மொத்தம் 18. எங்கட 17உம் அதுக்குள் அடங்கும். பெட்டியில் எழுதியிருக்கிற இலக்கத்தை நம்பாதேங்கோ. பின்பக்கத் துளைகளை எண்ணுங்கோ.

இனி மொனிட்டர். என்னைப் பொறுத்தவரை விவாதம் முடிகிற இடமே இதுதான்.

பாடுகிறவர் தன் குரலைக் கேட்காவிட்டால் சுருதி விலகும். விலகினால் சனம் என்ன சொல்லும்? "அந்தப் பிள்ளைக்குப் பாட வராது." அவளுக்கு மொனிட்டர் வரவில்லை என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அவள் கையைக் காட்டிக் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "தங்கச்சி, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடியுங்கோ." இதை எத்தனை மேடையில் கேட்டிருப்போம்! சில இடங்களில் அவள் கேட்கவே மாட்டாள். இருநூறு பேருக்கு முன்னால், தெரியாத ஒரு ஆணிடம், "எனக்குக் கேட்கேல்ல" என்று மூன்றாம் தரம் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

மிக்சரில் இருந்து மேடை மொனிட்டருக்குப் போகிற தனி வழியை ஒக்ஸ் என்பார்கள். எத்தனை ஒக்ஸ் இருக்கோ, அத்தனை பேருக்குத்தான் தனித்தனிக் கலவை கொடுக்கலாம். எம்ஜி16எக்ஸ்யூவில் ஒக்ஸ் 4; அதில் ஒன்று எஃபெக்ட்டுக்குப் போய்விடும். எக்ஸ்ஆர்18இல் மேடைக்கு மட்டும் 6, எஃபெக்ட்டுக்கு வேறு வழி. மொனிட்டரைக் கூட்டினால் மைக் கூவும் என்பது அடுத்த பிரச்சினை. கூவுகிற அதிர்வெண்ணை மட்டும் அந்த மொனிட்டரில் வெட்டினால் போதும். ஆனால் அந்த அனலொக் மேசையில் ஒக்ஸுக்கென்று ஈக்குவலைசர் கிடையாது. சனலில் வெட்டினால் சனத்துக்குப் போகிற குரலும் கெடும். அதனால் வெளியே தனியாக ஒரு கிராஃபிக் ஈக்குவலைசர் வேண்டும், மொனிட்டருக்கு ஒன்றாக. டிஜிட்டல் பெட்டியில் ஒவ்வொரு ஒக்ஸுக்கும் 31 பட்டை ஈக்குவலைசர் உள்ளேயே இருக்கு. கொம்பிரசரும் கேற்றும் அப்படித்தான், சனலுக்குச் சனல். உலகச் சந்தையில் இந்த இரண்டு மிக்சரும் கிட்டத்தட்ட ஒரே விலை வட்டத்துக்குள் நிற்கிறவை. "அனலொக் மலிவு" என்கிறவர்கள் மேசையின் விலையை மட்டும்தான் சொல்கிறார்கள். அதோடு சேர்த்து வாங்க வேண்டிய ஈக்குவலைசர்களின் விலையைச் சொல்வதில்லை.

இன்னொன்று, கட்டாயம் சொல்ல வேண்டும். டிஜிட்டல் பெட்டியில் பாடுகிறவர் தன்ர போனை எடுத்துத் தன்ர மொனிட்டரைத் தானே கூட்டலாம், குறைக்கலாம். கெஞ்சத் தேவையில்லை. சவுண்ட்கிராஃப்ட் யூஐ வரிசைக்கு அப் கூட வேண்டாம், போனின் பிரவுசரிலேயே திறக்கும். எந்த போன் எந்த ஒக்ஸை மட்டும் தொடலாம் என்று பூட்டவும் முடியும். இதை நான் வெறும் வசதியாகப் பார்க்கவில்லை. மேடையில் யாருடைய காது கணக்கில் எடுக்கப்படும் என்பதை ஒரு ஆளின் கையில் இருந்து எடுத்துப் பகிர்ந்து கொடுக்கிற விசயம் அது.

இந்த இடத்தில் சவுண்ட் அண்ணாமாருக்குக் கோபம் வரும். அவர்களின் உழைப்பில் எனக்கு மரியாதை இருக்கு. விடிய விடியப் பொக்ஸ் தூக்கி, மழையில் வயர் சுத்துகிற வேலை அது. என்ர பிரச்சினை அறிவு ஒரு ஆளிடம் பூட்டப்படுவதில்தான். எங்கட கழகங்களில் நடப்பது என்ன? மிக்சர் தெரிந்த ஒரே ஒரு சீனியர் இருப்பார். ஜூனியர் தொட்டால், "டேய், கையை எடு." அந்த பட்ச் வெளிக்கிட்டுப் போனதும் மிக்சர் அலுமாரிக்குள் போகும், அடுத்த நிகழ்ச்சிக்கு மீண்டும் வாடகை. அனலொக்கில் பழக நிகழ்ச்சியே வேண்டும், நிகழ்ச்சியில் ஜூனியருக்குத் தொட விடமாட்டார்கள். பிறகு எப்படிப் பழகுவது?

எக்ஸ்ஆர்18ஐ யூஎஸ்பி வயரால் ஒரு லப்டொப்பில் செருகினால் 18 சனலும் தனித்தனியாகப் பதிவாகும். அடுத்த நாள் வெறும் மண்டபத்தில் அந்தப் பதிவையே அதே சனல்களுக்குத் திருப்பி அனுப்பி, பான்ட் இல்லாமலே மிக்ஸ் பழகலாம். பிழைத்தால் திருப்பிப் போடலாம், ஒருத்தரும் கூச்சலிடமாட்டார்கள். முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி ஒரு மாதத்துக்குள் இதைக் கற்றுக்கொள்வாள். ஒரு கழகத்துக்கு இதைவிடப் பெரிய சொத்து என்ன?

சரி, மறுப்புகளுக்கு வருவம். சில மறுப்புகள் நியாயமானவை.

"வைஃபை அறுந்தால்?" அறுந்தாலும் சத்தம் நிற்காது. ரப்லெற் வெறும் ரிமோட் மாதிரி. கலவை பெட்டிக்குள்தான் நடக்கிறது, கடைசியாக வைத்த அளவிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் எக்ஸ்ஆர்18இன் உள்ளே இருக்கிற வைஃபை பலவீனம் என்பது உண்மை. அது 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடுவது. சனம் போனோடு வந்து நிறைகிற மண்டபத்தில் அதை நம்பி நிகழ்ச்சி செய்வது விசர் வேலை. 5 கிகாஹேர்ட்ஸ் ரவுட்டர் ஒன்றைப் பெட்டியின் நெற்வேர்க் துளையில் செருகுங்கோ, பாஸ்வேர்ட் போடுங்கோ. அந்த ரவுட்டரின் விலையையும் முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கோ.

"கரண்ட் போனால்?" இது எங்கட நாட்டுக் கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலையால்தான் முழு நாடும் இருண்டது என்று 2025 பெப்ரவரியில் அமைச்சர் சொன்னதையும் கேட்டவர்கள். அனலொக், கரண்ட் வந்த உடனேயே பாடும். டிஜிட்டல் ஒரு கொம்பியூட்டர் மாதிரித் திரும்ப எழும்ப வேண்டும், அந்த இடைவெளி மேடையில் யுகம் போல இருக்கும். ஆகவே மிக்சருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். சவுண்ட் செக் முடிந்ததும் எல்லாவற்றையும் சேவ் பண்ணுவதும் கட்டாயம்.

"மைக் கூவும்போது திரையில் தேடிக்கொண்டு நிற்கிறதா?" என்று கேட்பவர்களிடம் திருப்பி ஒன்று கேட்கிறேன்: நீங்கள் எங்கே நின்று மிக்ஸ் செய்கிறீர்கள்? எங்கட மண்டபங்களில் பாதிக்கு மேல், மேடைக்கு ஓரமாகத் திரைச்சீலைக்குப் பின்னால். வயர் அவ்வளவு தூரம்தான் வரும். அங்கே நிற்கிறவருக்குப் பொக்ஸின் முதுகுதான் கேட்கும், சனத்துக்கு என்ன கேட்கிறது என்று தெரியவே தெரியாது. பெட்டியை மேடையிலேயே விட்டுவிட்டு, ரப்லெற்றோடு சனத்துக்கு நடுவில் போய் இருந்தால் பாதிப் பிரச்சினை வராமலே போகும். நீளமான மல்ரிகோர் வயரின் காசும் மிச்சம்.

கண்ணாடித் திரையில் உண்மையிலேயே பயம் என்றால், கொஞ்சம் பொறுத்துக் காசு சேர்த்து அலன் அன்ட் ஹீத் சிகியூ-18ரி பாருங்கோ. 16 மைக், பெட்டியிலேயே 7 அங்குலத் திரையும் திருகிகளும் இருக்கு. ரப்லெற் விழுந்து உடைந்தாலும் நிகழ்ச்சி ஓடும். விலை நல்லாக் கூட. மைக் கூட வேண்டுமென்றால் சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர், அதில் 20. இரண்டாம் கையில் பெரிங்கர் எக்ஸ்32 கிடைத்தால் ஃபேடரும் கிடைக்கும், டிஜிட்டலும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு துளையிலும் மைக்கைச் செருகிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதேங்கோ. கவியரங்கத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் நாலு மைக் போடுகிற கழகம் என்றால் இது ஒன்றும் தேவையில்லை. ஒரு சின்ன அனலொக் போதும், மிச்சக் காசுக்கு நல்ல மைக் வாங்குங்கோ.

கடைசியாகக் காசு. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்தில் 360 மட்டில் போய் நின்றது. அப்படிப்பட்ட நாட்டில், பட்ச் காசு சேர்த்து வாங்குகிற சாமான் பத்து வருசம் உழைக்க வேண்டும். கடைக்காரரிடம் விலையைக் கேட்க முன்னம், பழுதானால் எங்கே திருத்துவது, உதிரிப்பாகம் இருக்கா என்று கேளுங்கோ. மொத்தக் காசையும் மிக்சரிலேயே கொட்டிவிடவும் வேண்டாம். மொனிட்டர் பொக்ஸ் இல்லாத மேடையில் ஆறு ஒக்ஸ் இருந்தும் பிரயோசனம் இல்லை.

மிக்சர் வாங்க அடுத்த கூட்டம் போடுகிற கழகங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கொட்டேசன் எடுக்க முன்னம் இரண்டு பட்டியல் எழுதுங்கோ: மேடையில் எத்தனை மைக், எத்தனை பேருக்குத் தனி மொனிட்டர். அந்தப் பட்டியலை எழுதும்போது பாடுகிற பிள்ளையளையும் மிருதங்கம் அடிக்கிறவரையும் கூட்டத்தில் இருத்துங்கோ. ஃபேடரை எண்ணுகிறவர் அதுக்குப் பிறகு கதைக்கட்டும்.