இளவேனிலுக்கு ஒரு குறிப்பேடு

ஒவ்வோராண்டும் தை பிறந்ததும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்துவிட்டன என்பதே அது. கூடவே ஒரு கூழைக்கடாவின் படமும் இருக்கும். அது வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல என்பது வேறு விஷயம். வனத்துறை நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அப்போதே நடக்கிறது. வரவுக்கு இத்தனை வரவேற்பு. ஆனால் அவை எப்போது புறப்பட்டுப் போயின என்று எந்தப் பக்கத்திலும் செய்தி வருவதில்லை. வரவு எழுதி, செலவு எழுதாத கணக்கை நம் ஊர் மளிகைக்கடைக்காரர்கூட ஒப்புக்கொள்ளமாட்டார்.

நாஞ்சில் நாட்டுப் பறவைகளைப் பற்றி நாம் அறியவேண்டியவற்றில் பெரும்பகுதி தையில் இல்லை, சித்திரையிலும் வைகாசியிலும் இருக்கிறது என்பதே நம் எண்ணம். முன்னோர் இளவேனில் என்று பெயரிட்ட இவ்விரு மாதங்களில்தான் மூன்று காரியங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. வந்தவை போகின்றன; இருப்பவை கூடு கட்டுகின்றன; குளங்கள் வற்றித் தம் அடிவயிற்றைக் காட்டுகின்றன.

கும்பப்பூ அறுவடை முடிந்து, கன்னிப்பூவுக்கு உழவு தொடங்கும்வரை வயல்கள் வெறிச்சோடிக் கிடப்பதாக நமக்குத் தோன்றும். பறவைகளுக்கு அப்படியல்ல. தண்ணீர் இறங்க இறங்கக் குளத்தின் ஓரங்களில் சேறு விரிகிறது. அந்தச் சேற்றில் புழுவும் நத்தையும் பொறுக்கிக் கொழுப்பைச் சேமித்தால்தான் உள்ளான்களால் வடக்கே பறக்க இயலும். மணக்குடிப் பொழிமுகத்திலும் புத்தளம் உப்பளங்களிலும் இவற்றைத் தேடிப்பார்க்கலாம். தையில் சாம்பல் நிறத்தில் ஒன்றுபோலத் தோன்றிய வளைமூக்கு உள்ளான்களில் சில, சித்திரையில் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். சைபீரியத் தூந்திரத்தில் துணை தேடுவதற்கான திருமணப் பட்டை அவை இங்கேயே உடுத்திக்கொள்கின்றன. தையோடு பார்வையை முடித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கோலம் காணக் கிடைப்பதில்லை.

குளக்கரையை விட்டு மேற்கே, தென்னை விளைகளும் ரப்பர் விளைகளும் நிறைந்த நெய்யூர், இரணியல் வட்டாரத்துக்கு வருவோம். நெய்யூர் என்றதும் வெளியூராருக்கு 1838இல் வேர்கொண்ட மிஷன் மருத்துவப்பணிதான் நினைவுக்கு வரும். பறவைக்காக யாரும் இந்த ஊருக்கு வருவதில்லை. ஆயினும் குளிர்காலம் முழுதும் விளைகளின் சருகுகளைக் கிளறித் திரியும் ஆறுமணிக்குருவி இங்கிருந்து புறப்படும் பருவம் இதுவே. காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல்கொடுப்பதால் இப்பெயர் பெற்ற இப்பறவை, மத்திய இந்தியக் காடுகளிலும் இமயத்தின் அடிவாரத்திலும் கூடுகட்டுவதற்காக வடக்கே செல்கிறது. மாங்குயில்களும், மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருந்த தகைவிலான்களும், மாலை வானில் புகைபோலச் சுழன்ற சூறைக்குருவிகளும் ஒவ்வொன்றாகக் காணாமற்போகின்றன. என்றைக்குக் கடைசியாக அந்தக் குரலைக் கேட்டோம் என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல இயலும்? வந்த குரல் காதில் விழும். நின்றுபோன குரலை உணர, நாள்தோறும் செவிகொடுத்திருக்க வேண்டும்.

போகாதவையும் உண்டு. ஆள்காட்டி தரிசு வயலில், கூடென்று சொல்ல ஏதுமற்ற ஒரு சிறு குழியில், கூழாங்கல்லைப் போன்ற புள்ளியிட்ட முட்டைகளை இடும் காலம் இது. கன்னிப்பூ உழவுக்கு டிராக்டர் இறங்கும் காலமும் இதுவே. தலைக்குமேல் வட்டமிட்டு அது அலறுவதை நாம் இரைச்சலாகக் கேட்கிறோம். அது முறையீடு. வயலின் அந்த மூலையை மட்டும் ஏறத்தாழ நான்கு வாரம் விட்டுவைத்தால் போதும். ஆனால் அங்கே முட்டை இருக்கிறதென்று யாராவது பார்த்திருக்கவேண்டும் அல்லவா?

பார்ப்பதைத் தேதியுடனும் இடத்துடனும் எழுதிவைப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நம் மண்ணின் சரித்திரத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை ஆய்வு செய்தார். அன்று குமரிமுனைவரை எல்லாமே திருவிதாங்கூர். எந்த இடத்தில், எந்த நாளில், எந்தப் பறவை என்று அவர் எழுதிவைத்திருந்தார். அதனால்தான் முக்கால் நூற்றாண்டு கடந்து, 2009இல், கேரளப் பறவையியலாளர்கள் அவர் தடத்திலேயே மீண்டும் நடந்து எது குறைந்தது, எது பெருகியது என்று ஒப்பிட முடிந்தது. தேதியில்லாத வியப்பு எத்தனை அழகாக எழுதப்பட்டிருந்தாலும் இந்த ஒப்பீட்டுக்கு உதவியிராது.

1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அது நியாயமான இணைப்பு. அதில் நமக்கு மறுசிந்தனை இல்லை. ஆனால் 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய கேரளப் பறவை வரைபடம் இயல்பாகவே களியக்காவிளையோடு நின்றுவிட்டது. அதற்கு ஈடாக எல்லைக்கு இப்பால், ஊர் ஊராகச் சென்று நிரப்பிய வரைபடம் நம்மிடம் இல்லை. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்த மாபெரும் முயற்சியும் ஜனவரி முதல் மார்ச் வரை, ஜூலை முதல் செப்டம்பர் வரை என இரு பருவங்களையே எடுத்துக்கொண்டது. அதன் முறைக்கு அது பொருத்தமே. ஆனால் சித்திரையும் வைகாசியும் அங்கும் வெற்றுப்பக்கங்கள்தாம்.

இந்த வெற்றுப்பக்கத்துக்கு விலை உண்டு. 2022இல் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத் தொகுதியும் (94.23 ஹெக்டேர்) வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் (19.75 ஹெக்டேர்) ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சிதான். ஆனால் இவ்விரண்டுக்கும் அப்பால் இம்மாவட்டத்தில் சிறிதும் பெரிதுமாகக் குளங்கள் ஏராளம். அவற்றில் வண்டல் எடுப்பதும் தூர்வாருவதும் நீர் வற்றும் கோடையில்தான் நடக்கும். 'பறவைகள்தான் போய்விட்டனவே' என்பது அப்போது எளிதாகக் கிடைக்கும் சமாதானம். தூர்வாருதல் வேண்டியதே. ஆயினும் கரைமுதல் கரைவரை ஒரே ஆழமாகத் தோண்டிய குளத்தில் மனிதன் குளிக்கலாம், உள்ளான் நிற்க இயலாது. அதன் கால் நீளம் சில விரற்கடையே. ஓரச் சேறு அதன் சாப்பாட்டுத் தட்டு. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களின் ஊடே மண் கொட்டப்பட்டதையும் நாம் கண்டோம். இந்தக் குளத்தில் ஏப்ரல் இறுதியிலும் பறவைகள் இரைதேடின என்று பத்தாண்டுக் குறிப்பு கையில் இருந்தால், விவாதம் உணர்ச்சியில் தொடங்கி உணர்ச்சியிலேயே முடிந்திருக்காது.

இலக்கிய வாசகனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கப்படலாம். பட்டியல் போடுவது குமாஸ்தா வேலை, வியப்பே கவிஞனின் வேலை என்றும் சொல்லப்படலாம். பெயர் அறியாமல் எழும் வியப்பு வெகுதூரம் செல்வதில்லை என்பதே நம் பதில். நம் சமகாலக் கதைகளில் 'பெயர் தெரியாத பறவையொன்று' எத்தனை முறை கத்திவிட்டுப் பறந்திருக்கிறது! ஆ. மாதவன் தம் நாவலுக்குக் 'கிருஷ்ணப் பருந்து' என்று பெயர் வைத்தபோது அந்தப் பெயரே ஒரு நிலத்தையும் ஒரு நம்பிக்கையையும் உடன் கொண்டுவந்துவிட்டது. மா. கிருஷ்ணன் தமிழில் எழுதிய பறவைக் கட்டுரைகளில் வியப்பும் துல்லியமும் பகைத்துக்கொள்வதில்லை. க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' தொகுத்ததும் இந்தப் பணிதான். பெயர்கள் பேசும் வாய்களில் மட்டுமே உயிர்வாழ்கின்றன. நெய்யூரில் ஒரு பாட்டி ஒரு குருவியை எப்படி அழைத்தாள் என்று கேட்டு எழுதுவதும் பறவைக் குறிப்புதான், மொழிக் குறிப்பும்தான்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். தேதியும் ஊரும் பொதுவில் இருக்கட்டும். கூடு இருக்கும் இடம் பொதுவில் வேண்டாம். கூட்டின் படத்துக்காகக் கிளைகளை வெட்டி வெளிச்சம் உண்டாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தாய் விலகி நிற்கும் சில நிமிடங்களே காக்கைக்குப் போதும். ஈபேர்டு தளமே அச்சுறுத்தலுக்குள்ளான சில இனங்களின் இடத்தை மறைத்துவைக்கிறது. நாமும் அந்த நாகரிகத்தைக் கைக்கொள்ளவேண்டும்.

வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டுப்புத்தகம். நாள், இடம், பெயர் என மூன்று பத்திகள். பெயர் தெரியாவிட்டால் நிறமும் குரலும் போதும். பெயரைப் பிறகு கண்டுகொள்ளலாம். வீட்டு விளையும் பக்கத்துக் குளமும் போதும், காடு தேடிப் போகவேண்டியதில்லை. பங்குனிக் கடைசியில் தொடங்கி இடவப்பாதி மழை பிடிக்கும்வரை எழுதுவோம். முக்கியமாக, ஒரு பறவையைக் காணாத நாளையும் எழுதுவோம். அந்த வெறும் கோடுதான் அது புறப்பட்ட நாளை நமக்குச் சொல்லப்போகிறது.